சங்குக்குள் உருளுவது என்ன? சிடி ஸ்கேனில் இடம்புரி வலம்புரியாக வந்துவிட்டது

கீழக்கரை_டீச்சர்:

எல்லாருக்கும் சலாம், வணக்கம். கீழக்கரையில் அறிவியல் டீச்சராக இருக்கிறேன். வாப்பா சங்கு குளித்தவர். 1979-இல் வாழைத்தீவுக்குத் தெற்கே எட்டுப் பாகம் (ஏறக்குறைய 48 அடி) ஆழத்தில் மூச்சடக்கி எடுத்த ஒரு சங்கை மட்டும் இன்றுவரை விற்கவில்லை. 17 சென்டிமீட்டர் நீளம். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே ஏதோ உருளும். ஒரு நாள் 'கல்லு' என்பார், இன்னொரு நாள் 'முத்தாக்கூட இருக்கும்' என்பார். வாய் வழியாகக் கம்பி விட்டுப் பார்த்தாயிற்று, எட்டவில்லை. உடைக்க விடமாட்டார். அவருக்கு 74 வயது, பார்வை மாதத்துக்கு மாதம் மங்குகிறது. கண் தெரியும்போதே உள்ளே இருப்பதைக் காட்டிவிட வேண்டும். என் அவசரம் அதுதான்.

ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் கேட்டேன். கடைசி நோயாளி போன பிறகு எடுத்துத் தந்தார்கள். சங்கு ஆடாமல் இருக்க ஒரு கிண்ணத்தில் பச்சரிசி கொட்டி அதில் நிறுத்தி வைத்தேன். ஒரு ஃபிலிமும், குறுந்தகட்டில் 36 ஜேபெக் படங்களும் கிடைத்தன, ஒவ்வொன்றும் சங்கின் ஒரு குறுக்கு வெட்டு. வீட்டு லேப்டாப்பில், வெட்டுப் படங்களை அடுக்கி முப்பரிமாண உருவமாக்கும் 3டி ஸ்லைசர் மென்பொருளில் ஏற்றி, படத்துக்குப் படம் 5 மில்லிமீட்டர் என்று இடைவெளி கொடுத்து உருவம் எடுத்தேன். வந்தது இப்படி:

மேற்பரப்பு குளத்துப் படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறது. உள்சுவர்களில் பெரிய பெரிய ஓட்டைகள். சங்கில் அப்படி ஓட்டை கிடையாது, தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் ஒரு சொட்டு ஒழுகாது. ஓட்டையை அடைக்க த்ரெஷோல்டை (எவ்வளவு வெளிச்சத்துக்கு மேல் சங்கு என்று எடுத்துக்கொள்வது என்ற வரம்பு) குறைத்தால் வெளியே அரிசி மரு மருவாக ஒட்டிக்கொள்கிறது. உருளும் பொருளைக் காணவே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல், எங்கள் சங்கு இடம்புரி. திரையில் வந்தது வலம்புரி! வாப்பாவிடம் காட்டினேன். ஒரு நொடி பார்த்துவிட்டு "இது என் சங்கு இல்ல" என்று தள்ளிவிட்டார். 46 வருஷம் கையில் வைத்திருந்த பொருளை நான் தலைகீழாக்கிக் காட்டிவிட்டேனே என்று அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. எங்கே தப்பு?

ஸ்கேன்ரூம்_25வருஷம்:

டீச்சர், உங்கள் வாப்பா சொன்னதுதான் சரி. அது அவர் சங்கு இல்லை, அதன் கண்ணாடி பிம்பம். ஜேபெக் படத்தில் இது எந்த இடத்து வெட்டு என்ற தகவல் இருக்காது. வரிசை எண் மட்டும்தான். நுனியில் தொடங்கிய வரிசையை மென்பொருள் வாய்ப் பக்கத்திலிருந்து அடுக்கினால் இடது வலதாகிவிடும். மனித உடம்பில் இப்படி நடந்தால் இதயம் வலப்பக்கம் போய்விடும். அதனால்தான் மருத்துவப் படங்களுக்கென்றே உள்ள டைகாம் கோப்பில் ஒவ்வொரு வெட்டுக்கும் அதன் இடம், திசை இரண்டும் எழுதியிருக்கும். டைகாமாகவே கேட்டு வாங்குங்கள்.

படிக்கட்டும் ஓட்டையும் ஒரே காரணத்தால் வந்தவை. உங்களுக்குத் தந்தது 5 மில்லிமீட்டர் தடிமனான வெட்டு. சிடி படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000, கெட்டி எலும்பு ஆயிரத்துக்கு மேல் போகும், சங்கு அதற்கும் மேல். 5 மில்லிமீட்டருக்குள் சாய்வாக ஒரு மெல்லிய சுவரும் மிச்சம் காற்றும் இருந்தால் இரண்டின் சராசரிதான் பதிவாகும். சுவர் காற்றில் கரைந்த மாதிரி ஆகிவிடும். நீங்கள் தேடும் பொருள் சின்னது என்றால் அதுவும் அப்படித்தான் கரைந்திருக்கும். த்ரெஷோல்டை இறக்கிக் கரைந்த சுவரைப் பிடிக்கப் போனதால்தான் அரிசியும் சேர்ந்து வந்தது.

மெஷின் சுற்றும்போது பதிவாகும் மூலத் தரவு அதிலேயே சில நாள் இருக்கும், பிறகு அழிந்துவிடும். உடனே போனால் மறுபடி எடுக்காமலே 0.6 மில்லிமீட்டர் வெட்டாகத் திரும்பக் கணக்கிட்டுத் தரச் சொல்லலாம். ஆனாலும் அரிசி இருக்கிறதே. என்னைக் கேட்டால் மறுபடி எடுப்பதுதான் நல்லது. இந்தத் தடவை தெர்மாகோலில் குழி வெட்டி வையுங்கள். சிடிக்கு அது ஏறக்குறைய காற்றுதான். சங்கின் நடுத்தண்டு மேசை நகரும் திசையில் நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்கே வைத்தால் கதிர் கெட்டித் தண்டின் முழு நீளத்தையும் துளைக்க வேண்டி வரும், படத்தில் கறுப்புக் கீற்றுகள் விழும். எலும்பு மாதிரி கெட்டிப் பொருளின் விளிம்பைக் கூர்மையாகக் காட்டும் 'போன் கெர்னல்' கணக்கீட்டைப் போடச் சொல்லுங்கள். பார்வைப் பரப்பு முக்கியம், மறக்க வேண்டாம். 500 மில்லிமீட்டர் பரப்பை 512 கட்டமாகப் பிரித்தால் ஒரு கட்டம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அதையே 150 ஆகச் சுருக்கினால் 0.3 மில்லிமீட்டர். எக்ஸ்ரேயின் கிலோவோல்ட்டை 140-க்கு ஏற்றினாலும் தப்பில்லை, சங்குக்குக் கதிர்வீச்சு பயம் கிடையாது.

1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டன் விம்பிள்டனில் முதல் நோயாளிக்கு, சிடி ஸ்கேனை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் மெஷினில் எடுத்த மூளைப் படம் 80-க்கு 80 கட்டம்தான். அதிலேயே கட்டி தெரிந்தது. உங்கள் சங்கு கட்டாயம் தெரியும்.

ராமேஸ்வரம்_சிப்பிக்கடை:

இதே அளவு சங்கு ஒன்றை மெஷினில் வைத்து நீளவாக்கில் அறுத்தால் பத்து நிமிஷத்தில் உள்ளறை எல்லாம் தெரியுமே அக்கா. நான் அறுத்தே தருகிறேன், காசு வேண்டாம்.

கீழக்கரை_டீச்சர்:

தம்பி, உங்கள் மனசுக்கு நன்றி. அறுத்த சங்கு ஒன்று என் வகுப்பில் ஏற்கெனவே இருக்கிறது, பிள்ளைகள் அதை வைத்துத்தான் படிக்கிறார்கள். எனக்குச் சங்கு எப்படி இருக்கும் என்பது கேள்வியில்லை. இந்தச் சங்குக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஸ்கேன்ரூம் சார், நாளைக்கே போகிறேன்.

தொல்லுயிர்_ஆய்வு:

அக்கா, அறுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு வருஷத்துக்கு முன்னால் சொலாஸ் என்ற ஆக்ஸ்போர்டு பேராசிரியர் புதைபடிவங்களைத் துளித் துளியாகத் தேய்த்து, ஒவ்வொரு பரப்பாகப் பதிவு செய்து, அந்த வெட்டுகளை மெழுகில் அடுக்கி முழு உருவம் செய்தார். உருவம் கிடைத்தது, படிவம் தூளாகப் போனது. 1994-இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'விசிபிள் ஹியூமன்' ஆண் உடலையும் உறையவைத்து 1 மில்லிமீட்டர் 1 மில்லிமீட்டராகச் சீவித்தான் படம் எடுத்தார்கள். எக்ஸ்ரே நமக்கு அந்த இழப்பை மிச்சம் பிடித்துத் தருகிறது. நீங்கள் உடைக்காமல் இருப்பதே நல்ல ஆய்வு.

மைக்ரோ சிடி தேடி அலைய வேண்டாம். அதில் நுணுக்கம் அதிகம், ஆனால் பொருள் பெரிதாக ஆக நுணுக்கம் குறையும். 17 சென்டிமீட்டருக்கு ஆஸ்பத்திரி சிடியே போதும்.

பொருளைக் கண்டதும் அதன் எண்ணைப் பாருங்கள். கடல் மணலின் வெள்ளைக்கல் (சிலிக்கான் உள்ள குவார்ட்ஸ்) என்றால் சங்கு ஓட்டின் வெளிச்சத்தைவிட மங்கலாக இருக்கும், ஏனென்றால் சிலிக்கான் கால்சியத்தைவிடக் குறைவாகத்தான் கதிரைத் தடுக்கும். சங்கு முத்து என்றால் ஓட்டின் அதே வெளிச்சம் இருக்கும், அதுவும் சுண்ணாம்புதானே.

இன்னொன்று. உயிரியல் நூல்களில் உங்கள் இடம்புரியை 'வலச்சுழி' என்று போட்டிருப்பார்கள். அவர்கள் நுனியை மேலே பிடித்துப் பார்க்கிறார்கள், நாம் நுனியைக் கீழே பிடிக்கிறோம். அதைப் பார்த்துத் திரும்பவும் குழம்பிவிடாதீர்கள்.

கீழக்கரை_டீச்சர்:

எடுத்துவிட்டோம்! மூலத் தரவு அழிந்திருந்தது, மறுபடிதான் எடுத்தார்கள். தெர்மாகோல், 0.6 மில்லிமீட்டர், ஏறத்தாழ 280 வெட்டு, டைகாம் கோப்பு. படிக்கட்டு போய்விட்டது, சுவர் முழுசாக இருக்கிறது, சுழி சரியான பக்கம் இருக்கிறது. தண்டை ஒட்டிக் கொஞ்சம் கீற்று விழுந்திருக்கிறது, அது பரவாயில்லை.

மூன்றாம் சுற்றில், தரையில் படுத்த மாதிரி 8 மில்லிமீட்டரில் ஒரு பொருள். வெளிச்சம் ஓட்டுக்குச் சமம். முத்தேதான் என்று நினைத்து எனக்குக் கை நடுங்கியது. வெட்டு வெட்டாக நகர்த்திப் பார்த்தால் அதன் நடுவே கறுப்பு, அந்தக் கறுப்பைச் சுற்றி ஒரு சுவர், அதற்குள் இன்னொரு சுவர். இன்னொரு சின்னச் சங்கு!

வாப்பாவை மானிட்டருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, பெரிதாக்கி, சுழற்றிக் காட்டினேன். மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். அப்புறம்தான் சொன்னார்: எடுத்த அன்றைக்குச் சதை அழுகட்டும் என்று கரை மணலில் குழி தோண்டிப் புதைத்தாராம். தோண்டி எடுத்துக் கழுவியபோது மணல் கொட்டிக்கொண்டே இருந்ததாம். "அந்த மணலோட உள்ள போயிருக்கும்" என்றார். முத்து இல்லை என்று அவர் முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அது எந்தப் புரி?"

இடம்புரிதான். இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

சின்னதை மட்டும் தனியாகப் பிரித்து, 3டி அச்சுக்கான எஸ்டிஎல் கோப்பாக வைத்திருக்கிறேன். பத்து மடங்கு பெரிதாக அச்சிட்டு அவர் கையில் கொடுக்க வேண்டும். மதுரையிலோ இந்தப் பக்கத்திலோ அச்சிட்டுத் தருபவர்கள் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.