எம்டிபியில் ஆபீஸ் போய்வர முட்டி வலி, செயினும் வழுக்குகிறது: வேறு சைக்கிள் வாங்கணுமா?

தடாகம்ரோடு

வணக்கம் நண்பர்களே. வடவள்ளியிலிருந்து பீளமேட்டுக்குத் தினமும் சைக்கிளில்தான் ஆபீஸ் போகிறேன், ஒரு வழி 15 கிலோமீட்டர் வரும். 2021-ல் வாங்கிய எம்டிபி, அதாவது மலைப்பாதை சைக்கிள். 27.5 இன்ச் சக்கரம், முன்னால் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், 3×7 கியர் (முன்னால் மூன்று, பின்னால் ஏழு பல்சக்கரம்). ஞாயிறு காலையில் நரசீபுரம், செம்மேடு பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே மண் தடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் சுற்றுவோம். வாரம் முழுக்க அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

இப்போது மூன்று தொந்தரவு. வலது முட்டியில் சில்லுக்குக் கீழே முன்பக்கமாக வலி. அப்புறம், சிக்னலில் நின்று அழுத்தி மிதித்துக் கிளம்பினால் செயின் 'டடக்' என்று வழுக்குகிறது, கால் சட்டென்று கீழே போய்விடுகிறது. நேற்று லட்சுமி மில்ஸ் சிக்னலில் பின்னால் பஸ் நிற்கும்போது இப்படி ஆகி உடம்பே நடுங்கிவிட்டது. செயின் தேய்ந்துவிட்டது என்று போன மாதம்தான் கடையில் புதுசு மாட்டினார்கள், அதற்குப் பிறகுதான் இந்த வழுக்கல். மூன்றாவது, காலையில் 50 நிமிடத்தில் போகிற தூரம் சாயங்காலம் 70 நிமிடம் இழுக்கிறது.

எம்டிபியைக் கொடுத்துவிட்டு ஹைபிரிட் (ரோட்டுக்கும் லேசான மண் தடத்துக்குமான சைக்கிள்) எடுங்கள் என்கிறார் கடைக்காரர். நண்பர் ஒருவர், ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டிலோடு மண் ரோட்டிலும் ஓடுகிற கிராவல்தான் சரி என்கிறார். கையில் 35,000 ரூபாய் இருக்கிறது. இரண்டு சைக்கிள் நிறுத்த வீட்டில் இடமில்லை. என்ன செய்யலாம்?

ஸ்பேனர்12

தம்பி, முதலில் அந்த வழுக்கலைப் பாருங்கள், அதுதான் ஆபத்து. பழைய ப்ரீவீலில் (பின்சக்கரத்தில் இருக்கிற பல்சக்கர அடுக்கு) புதுச் செயின் மாட்டினால் வருகிற கோளாறு இது. பழைய செயின் நீண்டு நீண்டு, ப்ரீவீல் பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்துவைத்திருக்கும். புதுச் செயின் அந்தப் பல்லில் உட்காராது, அழுத்தம் கொடுத்ததும் மேலே ஏறித் தாவும்.

எந்தப் பல்சக்கரத்தில் வழுக்குகிறது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். அதிகம் ஓட்டுகிற நடு இரண்டில் மட்டும் வழுக்கி, பெரிய சக்கரத்தில் வழுக்கவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். பல்லைப் பக்கவாட்டில் பாருங்கள், ஒரு பக்கம் சரிந்து கடல் அலை மாதிரி வளைந்திருக்கும்.

ஒரு ஸ்கேல் போதும், இனி நீங்களே அளக்கலாம். செயின் கண்ணிகளைக் கோக்கிற ஒரு பின்னை (ஆணியை) பூஜ்யம் என்று வைத்து எண்ணினால், 24-வது பின் வரைக்கும் புதுச் செயினில் சரியாக 12 இன்ச் இருக்கும். 1/16 இன்ச் கூடியதும் செயினை மாற்றினால் ப்ரீவீல் தப்பிக்கும். 1/8 கூடும்வரை ஓட்டினால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். அளக்காமல் செயினை மட்டும் மாட்டி அனுப்பியது தப்பு. ப்ரீவீல் மாற்றும்வரை சிக்னலில் எழுந்து நின்று மிதிக்காதீர்கள்.

ஒண்டிப்புதூர்_ரைடர்

அண்ணா, உங்கள் சீட் உயரம் என்ன? முட்டிக்கு முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும், இல்லையென்றால் கனமான கியரில் திணறி மிதிப்பீர்கள். எனக்கும் போன வருஷம் இதே வலி. மண் தடத்தில் கால் ஊன்ற வசதி என்று சீட்டை இறக்கி வைத்தவள் அதே உயரத்தில் தினமும் 22 கிலோமீட்டர் ரோட்டிலும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. அப்படி வைத்துவிட்டு முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அந்த இடத்தில் சீட் கம்பியில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்றுச் சுற்றி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை இறக்கினாலும் திங்கட்கிழமை அதே இடத்துக்கு வந்துவிடும். ஒரேயடியாக ஏற்றாமல் மூன்று நான்கு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அப்புறமும் வலி நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மேல்காற்று

சாயங்காலம் 20 நிமிடம் கூடுவதற்கு சைக்கிளைக் குறை சொல்லாதீர்கள். இது ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று கோயம்புத்தூரில் மேற்கிலிருந்துதான் அடிக்கும். காலையில் அது உங்கள் முதுகில் தள்ளுகிறது, மாலையில் நெஞ்சில் மோதுகிறது. போதாததற்கு ஊரே மேற்கிலிருந்து கிழக்காகச் சரிந்து கிடக்கிறது, நொய்யல் ஓடுகிற திசையைப் பார்த்தாலே தெரியும். ஆக, வீடு திரும்புவது முழுக்க மேடு, எதிர்காற்று வேறு. கிராவல் வாங்கினால் கீழ்நோக்கி வளைந்த ட்ராப் ஹேண்டிலில் குனிந்து காற்றைக் கொஞ்சம் ஏமாற்றலாம், அந்த லாபம் உண்மைதான். ஆனால் 35,000-க்குள் மனசுக்குப் பிடித்த மாதிரி ஒன்று கிடைப்பது கஷ்டம்.

ஹைபிரிட்காரன்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 38 மில்லிமீட்டர் அகல டயரோடு (700×38) ஹைபிரிட் வைத்திருக்கிறேன், தோப்பு வழி, வாய்க்கால் கரை எல்லாம் தாராளமாகப் போகிறது. வாரத்துக்கு 150 கிலோமீட்டர் தார் ரோடு, மண் வெறும் 25 என்றால் ரோட்டுக்குத் தோதான சைக்கிள்தானே நியாயம்? ஒரே ஒரு குறை, கல் பரப்பிய இறக்கத்தில் கை மரத்துப்போகும், மழை பெய்த செம்மண்ணில் பின்சக்கரம் வழுக்கும்.

ஸ்பேனர்12

அந்த இறக்கமும் செம்மண்ணும்தானே இவருக்கு ஞாயிற்றுக்கிழமையே! இருக்கிற சைக்கிளில் டயரை மாற்றிப் பார்க்காமல் விற்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தம்பி, டயர் பக்கவாட்டில் 54-584 என்கிற மாதிரி ஓர் எண் இருக்கும். 54 டயரின் அகலம், 584 டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். கடையில் இன்ச் சொல்லாமல் இந்த 584-ஐச் சொல்லிக் கேளுங்கள். உதாரணத்துக்கு, 26 இன்ச் என்று கேட்டால் எம்டிபிக்கான 559-ம் வரும், லேடீஸ் சைக்கிளுக்கான 590-ம் வரும், ஒன்றுக்கு ஒன்று சேராது.

நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் மட்டும் சின்னக் கட்டைகளோடும் 44 அல்லது 47 அகலத்தில் கிடைத்தால் எடுங்கள். ரோட்டில் அந்த 'கொர்ர்' சத்தம் போனாலே பாதி பாரம் குறைந்த மாதிரி இருக்கும். காற்று ரோட்டுக்கு 50 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வாக்கில், மண்ணுக்கு 35. டயரில் எழுதியிருக்கிற உச்ச அளவைத் தாண்டாதீர்கள். சஸ்பென்ஷனில் லாக்கவுட் (அசையாமல் நிறுத்துகிற பூட்டு) இருந்தால் ரோட்டில் பூட்டிவிடுங்கள்.

வேகத்துக்குக் கியர் பத்தாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். முன்னால் 42 பல், பின்னால் 14 பல் என்றால், நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 30 கிலோமீட்டர் வந்துவிடும். ஆபீஸ் போக அதற்குமேல் எதற்கு?

பின்னாளில் ஆசை இருந்தால் இன்னொரு ஜோடி சக்கரம் செய்துகொள்ளுங்கள். 700×35 டயர் மாட்டிய சக்கரமும் 27.5×2.1 இன்ச் டயர் மாட்டிய சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே உயரம், சுமார் 690 மில்லிமீட்டர். டிஸ்க் பிரேக் என்பதால் ரிம் மாறினாலும் பிரேக் பிடிக்கும், ஃபிரேமில் இடம் இருக்கிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

தடாகம்ரோடு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பத்து நாள் ஆயிற்று, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ப்ரீவீலைக் கழற்றிப் பார்த்தோம், நான்காவது ஐந்தாவது சக்கரத்துப் பற்கள் அண்ணன் சொன்ன அலை மாதிரியேதான் இருந்தன. புதுசு மாட்டியதும் வழுக்கல் சுத்தமாக நின்றுவிட்டது. சீட் மூன்றரை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது, முட்டி வலி படிக்கட்டு இறங்கும்போது மட்டும் லேசாக இருக்கிறது. 47-584 டயர் மாட்டிய பிறகு நேற்று எதிர்காற்றிலேயே 61 நிமிடம். சைக்கிளை விற்கவில்லை.

ஒரே சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை இதே டயரில் தோப்புக்குள் போய் நெருஞ்சி முள்ளில் பஞ்சர். டியூப் மாற்றினேன், ஒரு கிலோமீட்டரில் மறுபடி இறங்கிவிட்டது. டயரே மெலிசோ?

ஒண்டிப்புதூர்_ரைடர்

முள்ளின் முனை இன்னும் டயருக்குள் இருக்கும் அண்ணா. விரலால் தடவாதீர்கள், குத்திவிடும். கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் முழுக்கத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். எங்கே பஞ்சு சிக்குகிறதோ அங்கே முள், வெளிப்பக்கமிருந்து கட்டிங் பிளேயரால் பிடுங்கிவிட்டு டியூபை மாட்டுங்கள்.