கருத்தடை செய்த பூனை மறுபடி ஹீட்டுக்கு வருகிறது

எங்கள் மீனுவுக்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆனாலும் இரண்டு மாதமாக ஹீட்டுக்கு (இணைசேரும் பருவத்துக்கு) வந்துகொண்டிருக்கிறாள், இதோடு மூன்றாவது முறை.

நாட்டுப் பூனை, ஒரு வயது, 2.8 கிலோ. ஊர் திண்டுக்கல். ஒவ்வொரு தடவையும் ஐந்தாறு நாள் ராத்திரி முழுக்க அடித்தொண்டையில் கத்துகிறாள். முதுகைத் தடவினால் போதும், முன்கால்களைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே மிதிக்கிறாள். பார்க்கவே பாவமாக இருக்கிறது. தையல் நன்றாக ஆறிவிட்டது. சீழ், ரத்தக்கசிவு எதுவும் இல்லை.

ஆபரேஷன் செய்த இடத்தில் போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் இன்னொரு டாக்டரிடம் போனோம். சினைப்பையின் சிறு துணுக்கு உள்ளே விடுபட்டிருக்கலாம், அது ஸ்கேனில் அகப்படாமலும் போகும், ஹீட்டில் இருக்கும்போது திறந்து பார்த்தால்தான் கண்ணுக்கு எளிதாகத் தெரியும் என்றார். அவர் அந்த ஆபரேஷன் செய்வதில்லை. ஹார்மோன் டெஸ்ட்டுக்கு இரண்டு லேபில் கேட்டேன், பூனை ரத்தம் எடுக்க மாட்டார்களாம். ஹீட்டை நிறுத்தும் ஹார்மோன் மாத்திரை கொடுக்க எனக்கு மனமில்லை. பூனைகளுக்கு அதனால் மார்பில் கட்டி, சர்க்கரை நோய் வரை வரலாம்.

மதுரை, திருச்சி, நாமக்கல் பக்கம் இந்த இரண்டாவது ஆபரேஷனை உங்கள் பூனைக்கு எங்கே செய்தீர்கள்?