குடியிருக்க டோக்கியோவா தைபேயா? சுத்திப் பாக்கறது வேற, வாழறது வேற மக்களே

ஈரக்குடை:
டோக்கியோவுக்கு ஒரு வாரம் வந்துட்டுப் போறவங்க எல்லாம் அசகுசா கோயில் வாசல்ல தொங்கற அந்தப் பெரிய செவப்பு லாந்தர், ஷிபுயா கிராசிங், உஏனோ பார்க் செர்ரிப்பூன்னு போட்டோவா போட்டுட்டு "வாழ்ந்தா இங்கதான்பா வாழணும்"னு எழுதறாங்க. சுத்திப் பாக்க டோக்கியோவ அடிச்சிக்க முடியாது, சரி. ஆனா வேலை பாத்துக்கிட்டு குடும்பத்தோட இருக்கணும்னா என் ஓட்டு தைவான் தலைநகர் தைபேய்க்குத்தான். டோக்கியோல வீடு புடிக்கப் போங்க, அட்வான்ஸ் தனி, அதுக்கு மேல வீட்டுக்காரருக்கு அன்பளிப்பா குடுக்கற, திரும்பி வரவே வராத ரெய்கின்னு ஒண்ணு, புரோக்கர் கமிஷன், நமக்கு ஜாமீன் நிக்கற கேரண்டர் கம்பெனிக்கு ஒரு தொகை, சாவி கைக்கு வர்றதுக்குள்ள நாலஞ்சு மாச வாடக காலி. இதுல ஏஜென்ட் நம்ம முன்னாடியே வீட்டுக்காரருக்கு போன போட்டு "ஆள் வெளிநாட்டுக்காரர், பரவால்லயா"ன்னு கேப்பான் பாருங்க, அத உக்காந்து கேட்டுட்டு இருக்கணும்.

நிஷிகசாய்வாசி:
வந்துட்டாருய்யா. ரெய்கின் இல்லாத வீடு எவ்வளவோ இருக்கு சகோ. அரசு சார்ந்த நிறுவனம் வாடகைக்கு விடற யுஆர் வீடுன்னு கேள்விப்பட்டதில்லையா, ரெய்கின் கிடையாது கமிஷன் கிடையாது கேரண்டர் கிடையாது, நீங்க எந்த நாடுன்னு யாரும் போன் போட்டு கேக்கவும் மாட்டாங்க, வருமானம் காட்டுனா போதும். 2000 வாக்குல ஒய்டூகே வேலைக்கு, அதான் கம்ப்யூட்டர்ல 2000ஆம் வருஷத் தேதிப் பிரச்சனைய சரி பண்ற வேலைக்கு வந்த நம்ம ஐடி ஆளுங்க டோக்கியோ கிழக்குப் பக்கம் இருக்கற நிஷிகசாய்ல செட்டில் ஆனதுக்கு இதுவும் ஒரு காரணம், அப்புறம் தோஸாய் மெட்ரோ லைன் ஏறினா ஆபீசுங்க நிறைஞ்ச ஓத்தேமாச்சிக்கு நேரா போயிடலாம். இன்னைக்கு இங்க மளிகை கடை இருக்கு, கறிவேப்பிலை கிடைக்குது, தீபாவளிக்கு பக்கத்து வீட்டுல பலகாரம் வருது. தைபேய்ல என்ன இருக்கு? மழை இருக்கு.

ஈரக்குடை:
மழை இருக்குதான், டிசம்பர் ஜனவரில துணியே காயாது, அத மறுக்கல. ஆனா தோஸாய் லைன நீங்களே இழுத்துட்டீங்களே. கிபால இருந்து மொன்சென்நகச்சோ வரைக்கும் காலைல 2019 கணக்குல ரயில் கொள்ளளவுல 199 சதவீதக் கூட்டம், அதுல நின்னு போறதுக்குப் பேரு வசதியா?

கத்திரிவத்தல்:
ரெண்டு ஊர்லயும் இருந்தவ சொல்றேன், சாப்பாட்ட விட்டுட்டு ரெண்டு பேரும் ரயிலப் பத்தியே சண்ட போடறீங்க. நான் சுத்த சைவம். டோக்கியோல சும்மா ஒரு சோபா நூடுல்ஸ் கேட்டா கூட அந்தத் தண்ணில காய்ஞ்ச மீன் சீவல் போட்டுத்தான் கொதிக்க வச்சிருப்பாங்க, மேல மீன் துண்டு இல்லன்னா அவங்களுக்கு அது சைவம். உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்ட திருப்பிப் பாத்தா கோழி, பன்னின்னு எழுதியிருக்கும். தைபேய்ல தெருவுக்கு ஒரு பௌத்த சைவக் கடை, வாசல்ல ஸ்வஸ்திகா போட்டிருக்கும், கண்ண மூடிட்டு உள்ள போகலாம். வெங்காயம் பூண்டு கூட சேக்காத கடைங்க அதுல நிறைய. எங்க மாமியார் வந்தப்போ டோக்கியோல ரூம்லயே சமைச்சு சாப்ட்டாங்க, தைபேய்ல என்னை விட்டுட்டு தனியா போய் சாப்ட்டு வந்தாங்க.

நிஷிகசாய்வாசி:
அக்கா சாப்பாட்டுல நீங்க சொல்றது சரி. ஆனா அந்த மாமியாரு கடைக்கு எப்படி நடந்து போனாங்க? தைபேய்ல நடைபாதைன்னு சொல்றது கடைக்கு முன்னாடி இருக்கற தாழ்வாரம், ஒவ்வொரு கடைக்காரரும் அவரவர் இஷ்டத்துக்கு தரைய ஒசத்தி வச்சிருப்பாங்க, ரெண்டு படி ஏறி மூணு எடுத்து வச்சு திரும்ப இறங்கணும், நடுவுல ஸ்கூட்டர் வரிசையா நிக்கும், குழந்தை தள்ளுவண்டிய ரோட்டுலதான் தள்ளணும். இங்க ஒண்ணாம் கிளாஸ் புள்ளைங்க மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு பெத்தவங்க இல்லாம தனியா ஸ்கூலுக்கு நடந்து போகுது. குடும்பத்தோட இருக்கறதப் பத்தி பேசறவரு இதுக்கு பதில் சொல்லட்டும்.

சியோல்பக்கம்:
குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும், ரெண்டு ஊரும் வேணாம் சியோல் வாங்க. ஹன்போக்னு அவங்க பாரம்பரிய உடுப்ப வாடகைக்கு எடுத்து மாட்டிக்கிட்டா கியோங்போக்குங் அரண்மனைக்குள்ள ஓசில விடுவாங்க.

கத்திரிவத்தல்:
தம்பி, இங்க குடியிருக்கறதப் பத்தி ஓடுது. அரண்மனைக்குள்ளயா குடியிருக்கப் போறோம்.

ஈரக்குடை:
நடைபாதை மோசம்தான், அதுக்கு தைபேய்க்காரங்களே திட்டிட்டு இருக்காங்க. ஆனா அன்றாடம்னா அது மட்டும் இல்லயே. குப்பைய எடுத்துக்கோங்க, சாயங்காலம் பீத்தோவன் டியூன் போட்டுக்கிட்டு மஞ்ச வண்டி வரும், மொத்தத் தெருவும் நீலப் பையத் தூக்கிட்டு கீழ எறங்கும், மூணாவது மாடிப் பாட்டி அங்கதான் எனக்கு சீனம் கத்துக்குடுத்தாங்க. கடை ரசீதுக்குக் கூட லாட்டரி உண்டு, ஒத்தப்படை மாசம் 25ஆம் தேதி குலுக்கல், கடைசி மூணு எண் பொருந்துனாலே 200 தைவான் டாலர், வெளிநாட்டுக்காரனுக்கும் குடுப்பாங்க. இதெல்லாம் எந்த டூரிஸ்ட் வீடியோல வரும்?

நிஷிகசாய்வாசி:
பாட்டி கதை நல்லாருக்கு. ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி ஒன்பதரைக்கு வர்றவன் வண்டியப் புடிக்க என்ன பண்ணுவான், குப்பைய ஃப்ரிட்ஜ்லயா வைப்பான்? இங்க காலைல எட்டு மணிக்குள்ள வாசல்ல வச்சுட்டு ஆபீஸ் போயிட்டே இருக்கலாம்.

ஈரக்குடை:
ஃப்ரீசர்லதான் வைப்போம், இதுல என்ன தப்பு. வீட்டுக்கு வீடு பண்றதுதான். நீங்க மட்டும் என்ன, எரியற குப்பை ஒரு நாள் பாட்டில் ஒரு நாள்னு பிரிச்சு, மாத்தி வச்சுட்டா ஸ்டிக்கர் ஒட்டி அங்கயே விட்டுட்டுப் போவாங்க, தெருவே பாக்கும்.

கத்திரிவத்தல்:
இத விட பெருசு நிரந்தர விசா. தைவான்ல அஞ்சு வருஷம் வேலை பாத்தா கேக்கலாம், ஜப்பான்ல சாதாரணமா பத்து வருஷம். புள்ளைய எந்த மீடியத்துல போடறதுன்னு முடிவு பண்றப்போ இதுதான்யா முதல் கேள்வி.

நிஷிகசாய்வாசி:
பாயிண்ட் சிஸ்டத்துல 80 மார்க் இருந்தா இங்க ஒரே வருஷத்துல போடலாம் அக்கா. 70ன்னா மூணு வருஷம். சம்பளம், படிப்பு, வயசு, ஜப்பானிய பரீட்சை எல்லாத்துக்கும் மார்க் உண்டு.

கத்திரிவத்தல்:
அந்த 80 எங்க வீட்டுக்காரருக்கு வரல, வயசுலயே அடி வாங்கிட்டாரு. நாங்க அப்புறம் தைபேய்க்கே திரும்பிட்டோம். உங்களுக்கு வந்துச்சா?

நிஷிகசாய்வாசி:
75ல நிக்குது. டிசம்பர்ல ஜப்பானிய பரீட்சை எழுதறேன்.