தேக்கு அலமாரியைக் கழட்டிப் போடவா, தேய்ச்சு எடுக்கவா?

தாக்கேத்தா மருமக:

எல்லாருக்கும் வணக்கம். ரங்கூன்ல தாக்கேத்தா பக்கம் இருக்கேன். எங்க அடுக்களையில மாமனார் ஆசாரி வெச்சு அடிச்ச தேக்கு அலமாரி இருக்கு. கீழ நாலு கதவு, மேல மூணு. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. கரண்டு இருக்கிற நேரமே கம்மி, அதனால பாதிச் சமையல் கரி அடுப்புலதான். கரிப்புகையும் தாளிக்கிற எண்ணெயும் படிஞ்சு மேல் கதவைத் தொட்டா விரல் ஒட்டிக்குது. கைப்பிடியைச் சுத்தி உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புத் திட்டு.

ஒரு கடையில சொல்லி ஆள் வந்து பார்த்தாரு. கதவைத் தட்டிக்கூடப் பார்க்கல. "கழட்டிட்டு, மரத்தூளை அழுத்திப் பண்ற அட்டைப் பலகையில புதுசா போட்டுக்குங்க, 25 லட்சம் ஆகும், பழசை நாங்களே எடுத்துக்கிறோம்"னாரு. என் கையில இருக்கிறது 2 லட்சம் கியாட். விலையை விட, பழசை எடுத்துக்கிறோம்னு சொன்னதுதான் எனக்கு உறுத்துது.

அவசரப்பட்டு ஒரு தப்பு பண்ணிட்டேன். தண்ணித் தொட்டிக்குக் கீழ இருக்கிற கதவை காஸ்டிக் சோடாத் தண்ணியில நனைச்சு இரும்பு நாரால தேய்ச்சேன். பிசுக்கு போச்சு. ஆனா மரமே கறுத்துப் போயி, அங்கங்க மை தெளிச்ச மாதிரி நீலக் கறுப்புப் புள்ளி. அத்தை ஒரு வார்த்தை சொல்லல. அந்தக் கதவையே பார்த்துக்கிட்டு நின்னாங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல.

தீபாவளிக்குள்ள சரி பண்ணணும். பேசாம பெயிண்ட் அடிச்சு மறைச்சிடலாமா? கதவுக்கு உள்பக்கம் பழைய பச்சைப் பெயிண்ட் வேற பொரிப்பொரியா உதிருது.

பெகு அக்கா:

போன வருஷம் நான் அதைத்தான் செஞ்சேன்மா. ஈரத்துணியால துடைச்சிட்டு கிரீம் கலர் எனாமல் ரெண்டு கை அடிச்சேன். வீடே வெளிச்சமா இருந்துச்சு, முதல் மழை வரைக்கும். இப்ப அடுப்புக்கு மேல இருக்கிற கதவுல நகம் பட்டாலே வெந்த உருளைக்கிழங்குத் தோலு மாதிரி உரியுது. என்ன தப்புன்னு எனக்கும் யாராவது சொல்லுங்க.

மோல்மேன் பாலிஷ்காரர்:

தங்கச்சி, அந்தக் கதவை யாருக்கும் குடுத்துடாதீங்க. பதினாறு வயசுல மோல்மேன்ல எங்கப்பாகூட பாலிஷ் வேலைக்கு இறங்கினவன் நான். முப்பது வருஷம் புகையிலயும் ஈரத்துலயும் நின்ன தேக்குக்கு உள்ள ஒண்ணும் ஆகியிருக்காது. அட்டைப் பலகை நம்ம ஊர் மழைக்கு ஓரத்துல ஊதிடும். ஊதினதை மறுபடி அமுக்க முடியாது.

பெகு அக்கா கேட்டதுக்கும் இதுலயே பதில் இருக்கு. தேக்கு எண்ணெய் உள்ள மரம். கறையானை அண்டவிடாம வைக்கிறதுல அந்த எண்ணெய்க்குப் பெரிய பங்கு இருக்கு, பெயிண்டை ஒட்டவிடாமப் பண்றதும் அதேதான். அதுக்கு மேல சமையல் பிசுக்கு. ரெண்டையும் எடுக்காம எவ்வளவு விலை உயர்ந்த டப்பாவைத் திறந்தாலும் உரியத்தான் செய்யும். இந்த வேலையில முக்கால் பங்கு கழுவுறதுதான், பூசுறது கால் பங்கு.

முதல்ல கதவைக் கழட்டுங்க, எந்தக் கதவு எங்கன்னு உள்பக்கம் சாக்பீஸால நம்பர் போட்டுக்குங்க. வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற சோப்பு, பிழிஞ்ச துணி, ரெண்டு தடவை. அப்புறம் வெறும் தண்ணியில துடைச்சு நிழல்ல காய விடுங்க. சீக்கிரம் காயட்டும்னு வெயில்ல வெச்சா பலகை வளைஞ்சிடும். கைப்பிடித் திட்டுக்கு டர்பன்டைன் தொட்ட பழைய பல் பிரஷ் போதும்.

பழைய பூச்சு என்னன்னு தெரிஞ்சுக்க, மறைவான மூலையில ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வெச்சு அரை நிமிஷம் அழுத்துங்க. கொழகொழன்னு வந்தா அரக்குப் பாலிஷ், ஸ்பிரிட்லயே வழிச்சு எடுத்திடலாம். வரலைன்னா வார்னிஷா இருக்கும், உப்புத்தாள்தான். 120ஆம் நம்பர் தாள்ல ஆரம்பிச்சு 180, கடைசியா நைசான 220. மர ரேகை ஓடுற பக்கமாவே இழுக்கணும். குறுக்க ஒரு தடவை இழுத்தாலும் வார்னிஷ் அடிச்ச பிறகு அந்தக் கீறல் பளிச்சுன்னு காட்டிக் குடுத்துடும்.

கறுத்த கதவைப் பத்தி பயப்படாதீங்க. காஸ்டிக் பட்டா இந்த மாதிரி மரம் கறுக்கும். நீலப்புள்ளி இரும்பு நாரோட வேலை. மரத்துல இருக்கிற துவர்ப்பும் இரும்பும் ஈரத்துல சேர்ந்தா மைதான், அந்தக் காலத்துல எழுதுற மையே அப்படித்தான் காய்ச்சினாங்க. தண்ணி கலந்த வினிகரால கதவைத் துடைச்சு, கழுவி, காய வைங்க. அப்புறம் ஆக்ஸாலிக் அமிலம், ஒரு லிட்டர் வெந்நீருக்கு 30 கிராம். புள்ளியில மட்டும் வெச்சா அங்க மட்டும் வெளுத்துப் போகும், கதவு முழுக்கப் பூசணும். இருபது நிமிஷம் விட்டு நாலு தடவை நல்லாக் கழுவுங்க. அது விஷம். கையுறை போடுங்க, சமையல் பாத்திரத்துல கலக்காதீங்க, கழுவாம உப்புத்தாள் போட்டுத் தூளை மூச்சுல இழுத்துடாதீங்க.

இதெல்லாம் மழையிலயே செய்யலாம். வார்னிஷை மட்டும், மழைக்காலக் கடைசியில வர்ற பர்மா விளக்குத் திருவிழாவான தடின்ஜூட் தாண்டி வெச்சுக்குங்க. ஈரக்காத்துல அடிச்சா காயாம ஒட்டிக்கிட்டே கிடக்கும். தடின்ஜூட் பௌர்ணமிக்கும் தீபாவளி அமாவாசைக்கும் நடுவுல ரெண்டு வாரம்தான், அதனால கழுவுறதை இன்னைக்கே ஆரம்பிங்க. பூசுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தின்னர் நனைச்ச துணியால ஒரு துடை, மேல மிதக்கிற மர எண்ணெய் போயிடும். முதல் கையில டர்பன்டைன் கலந்து நீர்க்க அடிங்க, அப்புறம் ரெண்டு கை, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு நாள். பாலியூரித்தேன் வார்னிஷ் வாங்குங்க, ஏழு கதவுக்கு ரெண்டு லிட்டர் தாராளம். அரக்குப் பாலிஷ்தான் அழகு, என் கைக்குப் பிடிச்சதும் அதுதான். ஆனா அடுக்களைச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது வெள்ளை பூத்துடும்.

கீல் ஆணி லொடலொடன்னு ஆடினா, ஓட்டையில மூங்கில் சிம்பைப் பசை தொட்டு அடிச்சு, காஞ்சதும் சீவிட்டு மறுபடி முடுக்குங்க.

சன்ஜாங் டீச்சர்:

மத்ததெல்லாம் அண்ணன் சொல்லிட்டாரு. அந்தப் பச்சைப் பெயிண்டை மட்டும் உலர்ந்த உப்புத்தாளால தொடாதீங்க. அந்தக் காலத்துப் பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், அந்தத் தூள் குழந்தைங்க உடம்புக்கு ரொம்பக் கெடுதல். தண்ணி தெளிச்சு ஈரமாவே சுரண்டுங்க. கீழ பிளாஸ்டிக் விரிச்சு, உதிர்ந்ததை அதோட சுருட்டிக் கட்டிப் போடுங்க. பெருக்காதீங்க, ஈரத்துணியால துடைங்க. போட்டிருந்த துணியைத் தனியாத் துவைங்க. வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கா?

தாக்கேத்தா மருமக:

இருக்காங்க டீச்சர், ரெண்டு பேர். பச்சைப் பெயிண்டைச் சுரண்டின ரெண்டு நாளும் பிள்ளைங்களை எங்க அம்மா வீட்ல விட்டுட்டேன்.

அண்ணே, முடிஞ்சுது. சாமான் எல்லாம் தெயின்ஜீ சந்தைப் பக்கமே அலைஞ்சு வாங்கினேன், ஆக்ஸாலிக் மட்டும் நாலாவது கடையில கிடைச்சுது. எல்லாம் சேர்த்து 1,70,000 கியாட்.

முதல் கீலைக் கழட்டினப்ப அதுக்கு அடியில ரெண்டு விரல் அகலத்துக்கு மரம் தேன் நிறத்துல இருந்துச்சு. புகையே படாத இடம். இந்த அலமாரி இப்படியா இருந்துச்சுன்னு அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதுக்கப்புறம் அவங்களே முக்காலி போட்டு உட்கார்ந்து உப்புத்தாள் போட ஆரம்பிச்சுட்டாங்க. என்னை விட அவங்க கை நிதானம், ஒரு குறுக்குக் கீறல் இல்ல. பித்தளைக் கைப்பிடியைப் புளி போட்டுத் தேய்ச்சதும் அவங்கதான். துருப்பிடிச்ச இரும்பு ஆணிக்குப் பதிலா பித்தளை ஆணி போட்டோம், மறுபடி மை ஊறக் கூடாதுன்னு.

நீலப்புள்ளி ரெண்டாவது தடவை பூசினதும் மறைஞ்சுது. அந்தக் கதவு மட்டும் மத்ததை விட ஒரு சாயல் கறுப்புதான். அதை அரிசி டிரம் நிக்கிற மூலைக்கு மாத்திடலாம்னு அத்தை சொன்னாங்க. நாலு கதவும் ஒரே அளவு, மாத்திட்டோம்.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கடைசிக் கை அடிச்சு அஞ்சு நாள் ஆச்சு, தொட்டா ஒட்டல. கரி அடுப்பைப் பழைய இடத்துலயே வைக்கலாமா?

மோல்மேன் பாலிஷ்காரர்:

வேண்டாம்மா. மேல காஞ்சாலும் உள்ள இறுக மூணு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் அடுப்பு பின்வாசல்லயே இருக்கட்டும், கதவை ஈரத்துணியாலயும் துடைக்காதீங்க. தேக்கைத் தேய்ச்ச அத்தைக்கு என் வணக்கம் சொல்லுங்க.