தனியாக ரயிலேறி வரும் பிள்ளைகளை உடனே ஊருக்கு அனுப்பிவிடலாமா?

கொங்குக்காரன்:
தன்பாத் – ஆலப்புழா எக்ஸ்பிரஸ் மாதிரி வண்டிகளில் ஜார்க்கண்ட், ஒடிசாப் பையன்கள் பெரியவர் துணையில்லாமல் வந்து இறங்குகிறார்கள். ரயில்வே பாதுகாப்புப் படை மீட்டு, குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கிறது. அப்புறம் வாரக்கணக்கில் ஏதோ ஓர் இல்லத்தில் அடைந்து கிடக்கிறார்கள். விலாசம் தெரிந்தால் மறுநாளே ஏற்றி அனுப்ப வேண்டியதுதானே? இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்று இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது. பெற்றவள் அங்கே தவித்துக்கொண்டிருப்பாள்.

நர்ஸ் மலர்:
அனுப்பி வைத்ததே வீட்டார் என்றால்? ஏஜென்டிடம் முன்பணம் வாங்கிய வீட்டுக்குப் பையனைத் திருப்பி அனுப்பினால் கடன் அப்படியேதான் நிற்கும். வேறு வண்டியில் வேறு ஊருக்குப் போவான். சட்டத்தின் 95ஆவது பிரிவைப் பாருங்கள். வெளியூர்ப் பிள்ளையை அனுப்பும் முன் விசாரிக்க வேண்டும், சொந்த மாவட்டக் குழுவைக் கலந்துகொள்ள வேண்டும், அது பிள்ளைக்கு நல்லது என்று உறுதியாக வேண்டும். ஒரே நாளில் நடக்கிற காரியமா?

உடம்பையும் பாருங்கள். குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன். விரலிடுக்கெல்லாம் சிரங்கு, சொறிந்து சொறிந்து சீழ் வைத்திருக்கும். கழிவறையோரம் உட்கார்ந்து, தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல் வந்திருப்பார்கள். ஒரு பையனிடம் இந்தியில் "வயிறு வலிக்கிறதா" என்றால் ஆமாம், "தலை வலிக்கிறதா" என்றால் அதற்கும் ஆமாம். அவனுக்குத் தெரிந்தது சந்தாலி மட்டும். சந்தாலி பேசும் ஒருவரை போனில் பிடித்த பிறகுதான் வலி காதில் என்று தெரிந்தது. உள்ளே சீழ். அறைந்தது, அவனைக் கூட்டிப்போக வந்து வராந்தாவில் காத்திருந்த சித்தப்பா.

தெக்கத்தி ஆள்:
சிஸ்டர், எல்லாரும் அடிபட்டு வரவில்லை. 16 வயதுப் பையன் பிழைக்க வருகிறான். 14 வயது முடிந்தால் ஆபத்தில்லாத வேலை செய்யலாம் என்றுதான் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தமும் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஆட்கள் தாராவிக்குப் போனது எந்த வயதில்? அவனைத் திருப்பியும் அனுப்ப வேண்டாம், பூட்டியும் வைக்க வேண்டாம்.

நர்ஸ் மலர்:
தாராவியில் இறங்கினால் சாப்பாடு போட ஊர்க்காரர் ஒருவராவது இருந்தார். இவனைக் கூப்பிட வருவது புரோக்கர். 16 என்பதை யார் சொன்னது? ஆதாரில் பலருக்கும் ஜனவரி 1 தான் பிறந்த நாள். பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று, அதுவும் இல்லையென்றால் எலும்புப் பரிசோதனை என்பதுதான் 94ஆவது பிரிவின் வரிசை. அதில் ஆதார் இல்லை.

கொங்குக்காரன்:
விசாரணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பையனின் வீடு, குடும்பச் சூழல் பற்றிய சமூக விசாரணையை 15 நாளில் முடிக்க வேண்டும் என்பதும் அதே இளைஞர் நீதிச் சட்டம்தான். முடியாமல் இழுப்பதற்குப் பையன் என்ன செய்வான்? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டையே பார்த்து நிற்பான். வந்த அன்றே அம்மாவுடன் வீடியோ காலில் பேச வைக்கலாமே, அதையாவது செய்கிறார்களா? 15 நாள் தாண்டினால் காரணத்தைக் குழு எழுதிக் கொடுக்கட்டும்.

நர்ஸ் மலர்:
எழுதிக் கொடுக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த 15 நாளுக்குள் அவன் பாஷை தெரிந்த ஒருவர், சொந்தக்காரர் யாரும் பக்கத்தில் இல்லாமல், அவனோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அது நடக்காமல் வண்டியேற்றுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.