பேசும்போது மூளை அலைப் பட்டை தாறுமாறாகக் காட்டுகிறது, உதவுங்கள்

கெடிலக்கரை:
வணக்கம். கடலூரில் ஒரு கல்லூரியில் தொழில்முனைவோர் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் தொழில் யோசனையை விளக்கும்போது எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்க, நெற்றியில் ஒரு சென்சாரும் காதில் ஒரு கிளிப்பும் உள்ள, மூளையின் மின் அலைகளை அளக்கும் இஇஜி பட்டை வாங்கினோம். நேற்று ஒரு மாணவி பண்ருட்டிப் பலாவில் சிப்ஸ் போட்டு விற்பதைப் பற்றி அருமையாகப் பேசினாள். திரையில் அவள் 'கவனம்' 90, அடுத்த நொடி 15, அப்புறம் ஒன்றுமே இல்லை. வகுப்பே பார்த்தது. அவள் முகம் வாடியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பட்டையில் கோளாறா?

முத்தியால்பேட்டை:
மேடம், நான் இஇஜி எடுக்கும் வேலையில் இருப்பவன். பட்டை சரியாகத்தான் இருக்கும். தலையில் கிடைக்கும் மூளை அலை சில பத்து மைக்ரோவோல்ட்தான். ஒருமுறை கண் சிமிட்டினாலே நெற்றி சென்சாரில் அதைவிடப் பெரிய அலை எழும். பேசினால் தாடை, நெற்றித் தசைகளின் மின்சாரமும் சேர்ந்து, 13 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையிலான பீட்டா என்ற மூளை அலையில் கலந்துவிடும். பேச்சின் நடுவே வரும் எண்ணை நம்பவே நம்பாதீர்கள்.
அவள் தோடு போட்டிருந்தாளா? மடிக்கணினி சார்ஜரில் இருந்ததா?

கெடிலக்கரை:
இரண்டும் ஆமாம். கிளிப் தோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. தலைக்கு எண்ணெயும் வைத்திருந்தாள், நெற்றி பளபளவென்றிருந்தது.

முத்தியால்பேட்டை:
அங்கேதான் சிக்கல், சென்சாரும் கிளிப்பும் தோலில் சரியாகப் படவில்லை. தோட்டைக் கழற்றி, நெற்றியையும் காது மடலையும் ஈரத்துணியால் துடைத்து உலர விடுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள், 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் குறையும். பிறகு கண்ணை மூடி ஒரு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். 8 முதல் 13 ஹெர்ட்ஸில், கண் மூடி ஓய்வாக இருக்கும்போது எழும் ஆல்பா அலை ஏற வேண்டும். மனித மூளை அலையை முதலில் பதிவு செய்த ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929இல் எழுதிய காலத்திலிருந்து தெரிந்த விஷயம் இது. தலையின் பின்பக்கம்தான் நன்றாகத் தெரியும், நெற்றியில் கொஞ்சம் மங்கல்.

வெள்ளிக் கடற்கரை:
நானும் இதே பாடம்தான் எடுக்கிறேன். பீட்டாவை ஆல்பா, அதைவிட மெதுவான தீட்டா அலை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கும் ஈடுபாட்டுக் கணக்கு 1995இல் நாசா ஆய்வாளர்கள் கொடுத்தது. அது திரை முன் உட்கார்ந்து வேலை செய்தவர்களை வைத்துப் பார்த்தது. மேடையில் நிற்கும் பிள்ளைக்குப் பொருத்த முடியாது. உட்கார்ந்து செலவுக் கணக்கைப் படிக்கும்போது பட்டையை மாட்டுங்கள், அவளுடைய முந்தைய அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள். பேச்சுக்கு வீடியோ போதும். மதிப்பெண் பக்கம் இதைக் கொண்டுபோகாதீர்கள், திரையை வகுப்புக்குக் காட்டவும் வேண்டாம்.

கெடிலக்கரை:
இன்று காலை செய்து பார்த்தேன். கண்ணை மூடியதும் ஆல்பா மெல்ல எழுந்தது. நேற்றைய எண் தவறு என்று அதே வகுப்பின் முன்னால் அவளிடம் சொல்லிவிட்டேன். மதியம் மட்டும் வியர்வையில் கோடு அலைபாய்கிறது.

முத்தியால்பேட்டை:
வியர்வைக்கு அப்படித்தான் ஆடும். முதல் பீரியடிலேயே எடுத்துவிடுங்கள் மேடம்.