அடுப்படி கீத்துக் கொட்டகையில, அம்மாவால எழுந்து நடக்க முடியாது, என்ன ஏற்பாடு பண்ணி வைக்கலாம்?

வெண்ணாத்தங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு மன்னார்குடிக்குப் பக்கத்துல ஒரு கிராமம். முன்பக்கம் ஓட்டு வீடு, பின்னாடி அடுப்படி மட்டும் கீத்துக் கொட்டகை, அதை ஒட்டியே மாட்டுக் கொட்டகையும் வைக்கப்போரும். போன வாரம் நான் லீவுல வந்திருந்தப்ப எங்க தெருவுல ஒரு வீடு எரிஞ்சு போச்சு. கொசுவுக்காக மாட்டுக்கிட்ட போட்ட மூட்டத்துலேர்ந்து பொறி பறந்து கூரையில விழுந்திருக்கு, நாங்க கொடத்தைத் தூக்கிட்டு ஓடறதுக்குள்ள கூரையே உள்ள இறங்கிடுச்சு, ஆளுங்க தப்பிச்சாங்க, கன்னுக்குட்டி போயிடுச்சு. நான் திருப்பூர்ல வேலை பாக்கறேன், வீட்ல மனைவியும் ரெண்டு புள்ளைங்களும் பக்கவாதம் வந்து படுத்திருக்கற அம்மாவும்தான். கான்கிரீட் போட இப்ப காசு இல்ல. இருக்கறத வச்சு என்ன பண்ணலாம்?

வயரிங் மாமா:
தம்பி, மொதல்ல போஸ்ட்லேர்ந்து வீட்டுக்கு வர்ற சர்வீஸ் வயர் கீத்துல உரசுதான்னு பாருங்க. காத்துல ஆடி ஆடி மேல்தோல் தேஞ்சு போயிருக்கும், அத நீங்களே தொடாதீங்க, ஈபி ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து பைப் நட்டு உயர்த்திக் கட்டச் சொல்லுங்க. அடுத்தது ஃபியூஸ் கட்டை. அடிக்கடி போகுதுன்னு ரெண்டு மூணு இழை சேத்து முறுக்கி வச்சிருப்பாங்க, அப்படி வச்சா லோடு ஏறுனாலும் ஃபியூஸ் போகாது, வயர்தான் சூடேறி எரியும். அதுக்குப் பதிலா எம்சிபி போடுங்க, லோடு ஏறுனா தானா கரண்ட்ட நிறுத்தற சுவிட்ச் அது, கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு, மழைக்காலத்துல சுவர் ஈரத்துல கரண்ட் கசிஞ்சாலும் அது உடனே கரண்ட்ட நிறுத்திடும். கொட்டகைக்குள்ள பல்பு தொங்குனா கீத்துல படாம நல்லா கீழ இறக்கி விடுங்க. செல்போன், பேட்டரி வண்டி எதையும் கொட்டகைக்குள்ள சார்ஜ் போடாதீங்க, ராத்திரி தூங்கறப்ப போடவே வேணாம்.

குடந்தை அக்கா:
தம்பி, நான் கும்பகோணம். 2004 ஜூலை 16 எங்க ஊரு மறக்காது, பள்ளிக்கூடத்துல தீப்பிடிச்சு 94 புள்ளைங்க செத்துப் போச்சுங்க. அன்னிக்கும் நெருப்பு சத்துணவு சமைச்ச கீத்துக் கொட்டகையிலேர்ந்துதான் கெளம்புச்சு, மாடியில இருந்த புள்ளைங்களுக்கு இறங்கி வர்றதுக்கு குறுகலா ஒரு படிதான். அதனால நான் சொல்றது, அணைக்கறத விட வெளிய வர்ற வழிய முதல்ல பாருங்க. அம்மா கட்டில் இப்ப எங்க கெடக்கு? அடுப்படிப் பக்கம்னா இன்னிக்கே வாசப்பக்கம் மாத்துங்க. தூக்க ஆள் இல்லாட்டியும் ஜமுக்காளத்தோட சேத்து இழுத்துட்டு வந்துடலாம், உங்க மனைவி ஒரு தடவ செஞ்சு பாக்கட்டும். யார் அம்மாவ இழுக்கறது, யார் சின்னத கூட்டிட்டுப் போறதுன்னு இப்பவே பேசி வைங்க. பட்டா, ரேஷன் கார்டு, நகை எல்லாம் ஒரே பையில வாசக்கதவு கிட்ட மாட்டுங்க, ஏன்னா வெளிய வந்தவங்க அதுக்காகத் திரும்ப உள்ள ஓடித்தான் மாட்டிக்கறாங்க. மாட்டையும் சுருக்கு முடிச்சாக் கட்டுங்க, இழுத்தா அவுரணும்.

மூட்டம் போடறதுக்கு முன்னாடி காத்து எங்கேர்ந்து வருதுன்னு பாக்கணும். ஆடியில மேக்கேர்ந்து வர்ற மேல்காத்து, அப்ப வீட்டுக்குக் கிழக்க போட்டா பொறி வயப்பக்கம் போயிடும், ஐப்பசியில கிழக்கேர்ந்து கொண்டல் காத்து அடிச்சா அதே எடம் ஆபத்து. பழைய இரும்புச் சட்டியில போட்டு, தூங்கப் போறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி அணைச்சுடணும், தானா அணையும்னு விடக்கூடாது. வைக்கப்போர வீட்டை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ தள்ளுங்க.

வார்டு சிஸ்டர்:
குடந்தை அக்கா சொன்னதுல ஒரு வார்த்தை கூட விடாம செய்ங்க. நான் தீக்காய வார்டுல வேலை பாத்தவ, அடுப்படி பத்தி சொல்றேன். கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா தரையோட தங்கும். வாடை வந்தா எந்த ஸ்விட்சையும் போடவும் வேணாம் அணைக்கவும் வேணாம், ரெகுலேட்டர மூடிட்டு கதவத் தொறந்து எல்லாரும் வெளிய வாங்க, கேஸ் கசிவுக்கான அவசர நம்பர் 1906க்கு வெளியில நின்னு போன் பண்ணுங்க. எண்ணெச் சட்டி பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தவே கூடாது, தீ மேல எழும்பி கூரையப் புடிச்சுடும், அடுப்ப அணைச்சுட்டு தட்டால மூடிடுங்க. சேலையில பத்துனா ஓடக்கூடாது, கீழ விழுந்து உருளணும், இல்ல கனமான போர்வையால மூடணும். சுட்ட எடத்துல ஓடற தண்ணிய 20 நிமிஷம் விடுங்க, இங்க், டூத் பேஸ்ட், மாவு எதுவும் தடவ வேணாம். வளையல் மோதிரத்த வீங்கறதுக்கு முன்னாடியே கழட்டிடுங்க. ஒட்டிக்கிட்ட துணிய மட்டும் பிச்சு எடுத்துடாதீங்க, நாங்க பாத்துக்கறோம். 108, 101 ரெண்டையும் புள்ளைங்களுக்கு மனப்பாடம் பண்ண வைங்க.

வெண்ணாத்தங்கரை:
ரொம்ப நன்றிங்க மாமா, அக்கா, சிஸ்டர். நேத்து கட்டில வாசப்பக்கம் மாத்துனோம். மனைவியும் பெரிய பொண்ணும் அம்மாவ ஜமுக்காளத்துல திண்ணை வரைக்கும் இழுத்துப் பாத்தாங்க, வாசப்படியில தட்டுச்சு, அதனால ஒரு பலகை சாச்சு வச்சிருக்கேன். அம்மா கூட அழாம சிரிச்சாங்க. கேஸ் டியூப்பத் திருப்பிப் பாத்தேன், 2017ன்னு அச்சடிச்சிருக்கு, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணுமாம். காலைல ஏஜென்சி தொறந்ததும் அங்கதான் நிக்கப் போறேன், அது மாட்டற வரைக்கும் விறகடுப்புதான், அதுவும் முற்றத்துல.